சத்தம் போட்ட டயோடு

எனக்கு நல்ல காது. பெருமைக்குச் சொல்லவில்லை, எனக்குச் சம்பளமே அதற்குத்தான். விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்க்கிற கம்பெனியில் ஃபியூஸ் கட்டை செய்கிறோம். வீட்டுக்கு வீடு மீட்டர் பக்கத்தில் மாட்டியிருக்குமே, கம்பி சுற்றுகிற வெள்ளைப் பீங்கான் கட்டை, அதுதான். சூளையிலிருந்து இறங்கி வருகிற கட்டைகளை ஒவ்வொன்றாக இடது கை இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு, வலது கையிலிருக்கும் ஸ்பூனால் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். ‘டிங்’ என்று கேட்டால் பாஸ். ‘டொக்’ என்று கேட்டால் உள்ளே எங்கேயோ கீறல் ஓடியிருக்கிறது, உடைசல் தொட்டிக்குப் போய்விடும். பதினோரு வருஷமாக இதுதான் என் வேலை.

இந்த வேலையில் கண்ணை நம்பக் கூடாது. மேலே பூசிய பளபளப்பு கீறலை அழகாக மூடிவிடும். அதே சமயம் கரும்புள்ளியும் தீத்தழும்புமாக வருகிற கட்டை, தட்டினால் கணீரென்று பேசும். முகத்தைப் பார்த்து ஏமாறாதே, குரலைக் கேள் என்று என் மேஜைக்குப் புதிதாக வருகிற பெண்களிடம் ரொம்ப மிதப்பாகச் சொல்வேன். பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. தேங்காய், தண்ணீர்த் தொட்டி, கேஸ் சிலிண்டர், ஸ்டூல் கால், எதுவானாலும் ஒரு தட்டு. என் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறவர், பொறுமைசாலி. அவர் மண்டையையும் ஒருநாள் தட்டிப் பார்த்தேன். முடிவை இதுவரை அவரிடம் சொல்லவில்லை.

இப்பேர்ப்பட்ட காதை வைத்துக்கொண்டு நான் ஜோராக முட்டாளாகிப்போன ஒரு ஞாயிற்றுக்கிழமையைத்தான் சொல்லப்போகிறேன்.

என் நாத்தனார், வீட்டுக்காரருக்கு அக்கா, எங்களோடுதான் இருக்கிறார். அண்ணி என்று கூப்பிடுவேன். வாய் கொஞ்சம் காரம். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற இடத்தில் நாட்டுக்கோழி வளர்த்தார். பதினோரு பெட்டை, ஒரு சேவல். எங்கள் இரண்டு பேரையும்விட அதுகளிடம்தான் அவருக்குப் பேச்சு அதிகம். அந்த வருஷம் வெயில் ஏறுகிற நேரத்தில் வெள்ளைக் கழிச்சல் வந்து ஒரே வாரத்தில் பன்னிரண்டும் போய்விட்டன. அண்ணி குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டு மூடிவிட்டு வந்து குளித்தார். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. நான் ஆறுதலாக ஏதோ ஆரம்பித்தேன். “கோழின்னா சாவும். போயி அரிசியக் கள” என்று முடித்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தக் கோழிகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பேசினாலும் எழுந்து போய்விடுவார்.

மிச்சம் இருந்தது முட்டைகள்தான். நோய் வருவதற்கு ஐந்து நாள் முன்னால், யாரோ பயன்படுத்திவிட்டு விற்ற குஞ்சு பொரிக்கும் பெட்டி ஒன்றை அண்ணி வாங்கிவந்து, இருபத்துநான்கு முட்டைகளை அதில் வைத்திருந்தார். தெர்மாகோல் பெட்டி, உள்ளே இரண்டு பல்பு, ஒரு சின்ன ஃபேன், ஒரு தட்டில் தண்ணீர். சூடு குறைந்தால் பல்பு தானாக எரியும், ஏறினால் தானாக அணையும். அதைப் பார்த்துக்கொள்ள மூடிக்கு மேல் ஒரு எலெக்ட்ரானிக் போர்டு. ஏழாம் நாள் அண்ணி டார்ச் அடித்துப் பார்த்து, உள்ளே ஒன்றுமில்லாத மூன்றை எடுத்துவிட்டார். இருபத்தொன்று மிஞ்சின. தினம் மூன்று வேளை அவற்றைப் புரட்டிவைப்பார். நான் எட்டிப் பார்க்கப் போனால் முதலில் என் கையைத்தான் பார்ப்பார்.

“ஸ்பூன எடுத்துகிட்டு இந்தப் பக்கம் வந்த, கைய ஒடிச்சிடுவேன்.”

இருபதாம் நாள்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை. காலையில் அண்ணி என்னைக் கை காட்டி அழைத்தார். ஒரு முட்டையின் தலையில் நட்சத்திரம் மாதிரி சின்ன விரிசல். பக்கத்தில் இன்னும் மூன்றில் அதே போல. எடுத்துக் காதோரம் வைத்தேன். உள்ளே கீச்சென்று ஒரு குரல், மூக்கடைத்த மாதிரி. எனக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணியைக் கட்டிப்பிடித்துவிட்டேன். அவர் கூச்சத்தில் என்னைத் தள்ளிவிட்டார், ஆனால் முகம் சிரித்தது.

காப்பி போடலாம் என்று அடுப்பைப் பற்றவைத்தேன். கரண்ட் போனது. உடனே வந்தது. வந்த வேகம்தான் சரியில்லை. கூடத்து லைட் பளீரென்று வெளுத்தது, ஃபேன் உறுமியது, கோழிப்பெட்டி மேல் ‘டப்’ என்று ஒரு சத்தம், கருகல் வாசனை. ஓடிப்போய்ப் பார்த்தால் பெட்டி இருட்டு. வீட்டில் மற்றதெல்லாம் எரிகிறது, அது மட்டும் இல்லை.

அண்ணி பெட்டி முன்னால் உட்கார்ந்துவிட்டார். “போச்சு. இதுவும் போச்சு” என்றார். குரல் எழும்பவே இல்லை. அதற்கு அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

“பல்ப நேரா பிளக்குல மாட்டிட்டா என்னாங்கண்ணி?”

“அர மணியில அவிஞ்சிடும். அதுக்கு இப்பவே ஒடச்சி ஆம்லெட்டு ஊத்திடு.”

காரம் திரும்பி வந்ததும் எனக்கு உயிர் வந்தது. மூளையும் வந்தது. எங்கள் கம்பெனியில் டிரையர் ரூம் என்று ஓர் அறை இருக்கிறது. சூளையில் வீணாகிற சூட்டுக் காற்றை அதற்குள் திருப்பிவிட்டு, இன்னும் சுடாத பச்சைக் கட்டைகளைப் பலகை பலகையாக அடுக்கி உலரவைப்பார்கள். களிமண்ணில் இருக்கிற ஈரம் வெளியேறி அறை எப்போதும் கதகதவென்று ஈரமாகவே இருக்கும். முட்டைக்கு வேறு என்ன வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை என் மேஜைக்குத்தான் லீவு, சூளைக்குக் கிடையாது.

வீட்டுக்காரர் விடியற்காலையே கல்யாணக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு நல்லூர் போயிருந்தார். தெருமுனையில் நின்ற வேறு ஆட்டோவைக் கூப்பிட்டேன். கூடையில் பழைய சேலை, அதன்மேல் முட்டைகள், இரண்டு பக்கமும் வெந்நீர் பாட்டில், மேலே கம்பளி. அண்ணி அதை மடியில் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு வேகத்தடைக்கும் டிரைவருக்கு ஓர் அதட்டல். “மெல்லப் போப்பா, உள்ள புள்ளைங்க இருக்குது!” அந்த மனிதர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். நாங்கள் இரண்டு பேரும் ஒரு கூடையும்தான் இருந்தோம். பிறகு பேசாமல் மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டினார்.

டிரையர் ரூமைப் பார்த்துக்கொள்கிறவர் ஐம்பது தாண்டியவர். எதையும் முதலில் முடியாது என்று சொல்லிவிட்டு அப்புறம் செய்கிற சுபாவம். அன்றும் அப்படித்தான்.

“அதெல்லாம் முடியாதும்மா. மேனேஜரு பாத்தாருன்னா என்னையும் சேத்து அவிச்சிடுவாரு” என்றார். சொல்லிக்கொண்டே கம்பளியைத் தூக்கிப் பார்த்தார். விரிசல் விட்ட முட்டை கீச்சென்றது. அவர் முகம் மாறிவிட்டது. “மேல் தட்டு நாப்பத்தி ரெண்டு. நடுத்தட்டு முப்பத்தெட்டு. எது வேணுங்க்கா?” என்று அண்ணியைக் கேட்டார்.

“முப்பத்தேழர.”

“அர டிகிரிக்கு நான் எங்க போவேன்?”

ஆனாலும் காற்று வருகிற தகட்டைக் கொஞ்சம் சாத்தினார், பலகையை ஒரு முழம் தள்ளிவைத்தார். ஈரம் காயாத ஃபியூஸ் கட்டைகளுக்கு நடுவே முட்டைகள் உட்கார்ந்தன. அண்ணி ஒன்றை எடுத்துத் தன் கண்ணிமையில் வைத்துப் பார்த்தார். சூடு தெரிய அதைவிட நல்ல இடம் கிடையாதாம். “இருக்கட்டும்” என்றார். டிரையர்காரர் இன்னொன்றை எடுத்துத் தன் இமையில் வைத்துப் பார்த்தார். அப்புறம் அன்று முழுக்கப் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அவரும் இமையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்ததாக அண்ணி பிறகு சொன்னார்.

“ஆனா நாலு மணி வரைக்குந்தாங்க” என்றார் அவர். “நாலுக்குப் புது லோடு. சூட்ட அம்பதுக்கு ஏத்தியாவணும். என் கையில இல்ல.”

நாலு மணிக்குள் பெட்டி எரிய வேண்டும். அண்ணி என்னைப் பார்த்தார். எலெக்ட்ரிக் சாமான் கம்பெனியில் வேலை பார்க்கிறவள் என்பதால் எனக்கு எலெக்ட்ரிக்கும் தெரியும் என்று அவருக்கு ஓர் எண்ணம். தையல் கடைக்குப் பக்கத்து வீட்டுக்காரிக்குத் தையல் தெரியும் என்கிற அளவுக்கு எனக்குத் தெரியும். “போயி சரி பண்ணு” என்றார். சரிங்கண்ணி என்று சொல்லிவிட்டு அதே ஆட்டோவில் திரும்பினேன்.

வீட்டுக்காரர் ஆட்டோவுக்கான வயர் வேலையை அவரே செய்துகொள்வார். சால்டரிங் அயன், மீட்டர் எல்லாம் டப்பாவில் இருந்தது. ஃபோன் போட்டேன். பின்னால் நாயனச் சத்தம்.

“போர்டுல கறுப்பா, வெள்ளி மோதரம் போட்ட மாதிரி நாலு பொடி சாமான் இருக்குதா?”

“இருக்குதுங்க. நாலும் வரிசையா இருக்குது.”

“அதான் டயோடு. அதுல ஒண்ணுதான் போயிருக்கும். மீட்டரு குமிழ அம்புக்குறி போட்ட எடத்துல திருப்பிட்டு, ஒவ்வொண்ணா ரெண்டு முனையும் தொட்டுப் பாரு. சத்தம் வருதான்னு பாரு.” யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். “தோ வந்துட்டேங்க!” என்றார். லைன் கட்.

சத்தம் வருதா என்று பார்க்க வேண்டும். அடடா! உலகத்தில் எத்தனையோ வேலை இருக்க, என் வேலையே என்னைத் தேடி வந்திருக்கிறது. எனக்குக் கர்வம் தாங்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன்.

போர்டில் இருக்கும்போதே சோதிப்பது தப்பு என்று எனக்கே தோன்றியது. ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கிற கட்டையைத் தட்டினால் சரியான சத்தம் வராது, தனியாகப் பிடித்துத்தான் தட்ட வேண்டும். அதனால் நாலையும் கழற்றினேன். ஈயம் உருகியதும் போர்டை மேஜை விளிம்பில் ஒரு தட்டு, ஈயம் தெறித்து ஓட்டை சுத்தமாகிவிடும். தட்டுகிற வேலையில் நான் சோடை போனதில்லை. விரல் இரண்டு இடத்தில் சுட்டது, அதைப் பெரிதுபடுத்தவில்லை. மோதிரம் எந்தப் பக்கம் வர வேண்டும் என்று போர்டிலேயே வெள்ளைக் கோடு போட்டிருந்ததால் திரும்ப மாட்டுவதில் குழப்பமும் இல்லை.

பிறகு சோதனை. முதல் டயோடு, சத்தமில்லை. திருப்பித் தொட்டேன், இல்லை. இரண்டாவது, இல்லை. மூன்றாவது, ம்ஹூம். நான்காவதைத் தொட்டதும் மீட்டர் ‘பீப்ப்ப்’ என்று பாடியது. திருப்பிப் போட்டேன். அப்போதும் பாடியது. எப்படித் தொட்டாலும் கணீரென்று ஒரே குரல். வயிற்றில் லேசாகப் பழுப்பு அடித்து ஒரு கரும்புள்ளி இருந்தது. இருந்தால் என்ன? நான் முகத்தைப் பார்த்து ஏமாறுகிறவளா? பாஸ்.

ஊமை மூன்றையும் குப்பைத் தொட்டியில் போட்டேன். அதில் ஒன்றை மட்டும் அடையாளத்துக்கு எடுத்துக்கொண்டு ஜங்ஷன் ரோட்டுக் கடைக்குக் கிளம்பினேன். ரேடியோ, டிவி உதிரி சாமான் விற்கிற கடை. கல்லாவில் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண், ஒரு காதில் இயர்ஃபோன், இன்னொரு காது வாடிக்கையாளர்களுக்கு.

“ஃபோர் டபுள் ஓ செவனுங்களா? பட்டையா பத்து வரும், எடுத்துக்குங்கக்கா.”

காகித நாடாவில் பத்து டயோடுகள் பூச்சரம் மாதிரி வரிசையாக ஒட்டியிருந்தன. வாங்கிக்கொண்டு வந்தேன். வந்தவள் அப்படியே மாட்டியிருப்பேனா? சோதிக்காத சரக்கை நான் பாஸ் செய்வதில்லை. மீட்டரை வைத்தேன். முதலாவது ஊமை. இரண்டாவது ஊமை. மூன்று, நாலு, ஐந்து. பத்தும் ஊமை.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. புத்தம்புது சரக்கு, பத்துக்குப் பத்து டொக்கு! எங்கள் கம்பெனியில் இப்படி ஒரு லோடு வந்தால் சூளைக்காரரை வேலையை விட்டே அனுப்பிவிடுவார்கள். மணி பன்னிரண்டே முக்கால். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்குக் கடை சாத்திவிடுவார்கள். பத்து ஊமைகளையும் மீட்டரையும் பையில் போட்டேன். பாடுகிற ஒன்றை மட்டும் தனியாகக் கைக்குட்டை முனையில் முடிந்துகொண்டேன். தொலைந்துவிட்டால் நல்ல டயோடு எப்படிப் பேசும் என்று காட்ட வேறு சாட்சி இல்லையே.

போனபோது ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே புகுந்தேன். கடைக்குள் அந்தப் பெண்ணும், ரிமோட் வாங்க வந்த ஓர் ஆளும்தான்.

“என்னாம்மா சாமான் இது? பத்தும் ஊம! சத்தமே வர்ல. ஞாயித்துக்கெழம அவசரத்துக்கு வந்தா என்னா வேணாலும் தள்ளி வுட்டுடலாம்னு நெனப்பா?”

அந்தப் பெண் இயர்ஃபோனைக் கழற்றினாள். “என்னாங்கக்கா சத்தம் வர்ல?”

மீட்டரை எடுத்து வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். பிறகு கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தேன். நகைக்கடையில் கூட அவ்வளவு பதனமாக யாரும் அவிழ்த்திருக்க மாட்டார்கள். “இதப் பாரு. இது எப்பிடிப் பேசுது பாரு. எனக்கு இந்த மாரி பாடறது இன்னும் மூணு வேணும்” என்று தொட்டேன். பீப்ப்ப். திருப்பித் தொட்டேன். பீப்ப்ப்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், டயோடைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிரயோஜனம் இல்லை. சிரிப்பு பீறிட்டுவிட்டது. “அக்கா... அக்கா... அது ஒண்ணுதாங்க்கா செத்தது” என்றாள்.

“எது?”

“பாடுது பாருங்க, அதான். டயோடுன்னா ஒருவழிப் பாதைங்க. இந்தப் பக்கம் வுடும், அந்தப் பக்கம் வுடாது. ரெண்டு பக்கமும் தொறந்துகிச்சின்னாதான் மீட்டரு கத்தும். செத்துட்டேன்னு கத்துது. நல்லதுக்குச் சத்தம் வராது, நம்பருதான் காட்டும். பாருங்க.” புது டயோடைத் தொட்டாள். மீட்டர் திரையில் ஐந்நூற்றுச் சொச்சம் ஓர் எண் வந்தது. திருப்பிப் போட்டாள், எண் போய்விட்டது. “நல்லா இருக்குது. இதுவும். இதுவும்.”

எண் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. நான் திரையைப் பார்க்கவே இல்லை. வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சாய்த்து, பெரிய வித்வான் மாதிரி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

முதலில் எனக்கு ரோஷம்தான் வந்தது. பதினோரு வருஷத்தில் என் காதை யாரும் குறை சொன்னதில்லை. “நான் பீங்கான் கம்பெனில தட்டிப் பாக்கறவ. சத்தம் வந்தா நல்லது, வர்லன்னா கீறலு. எங்களுக்கு அதான் சட்டம்” என்று விறைப்பாகச் சொன்னேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அந்தப் பெண் கல்லாவுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ரிமோட்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். நான் கையிலிருந்த டயோடை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். வயிற்றில் இருந்தது புள்ளியே இல்லை, ஓட்டை. வெடித்து, கருகி, உள்ளேயிருப்பது தெரிகிறது. ஐந்து வயதுக் குழந்தையிடம் நாலையும் நீட்டினால் அரை நொடியில் இதைத்தான் எடுத்துக் கொடுத்திருக்கும். நல்ல மூன்றைக் கழித்துவிட்டு, பிணத்துக்குப் பாஸ் போட்டு, கைக்குட்டையில் முடிந்துகொண்டு ஊர்வலம் வந்திருக்கிறேன். அப்புறம் எனக்கும் அடக்க முடியவில்லை. மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் எதிர் டீக்கடையிலிருந்து ஒருவர் குனிந்து எட்டிப் பார்த்தார்.

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். “ஃபியூஸு பாத்தீங்களாக்கா? டயோடு இப்பிடிப் போயிருந்தா அதுவும் போயிருக்கும்.”

நான் பார்க்கவில்லை. தினம் ஆயிரக்கணக்கில் ஃபியூஸ் கட்டையைத் தொடுகிறவள், ஃபியூஸைப் பார்க்கவில்லை. இதை நான் அவளிடம் சொல்லவில்லை, அவள் மறுபடி தரையில் உட்கார்ந்துவிடுவாள். கண்ணாடிக் குழாய் மாதிரி ஒரு சின்ன ஃபியூஸையும் வாங்கிக்கொண்டு ஓடினேன்.

வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாகப் போர்டைப் பார்த்தேன், காதால் இல்லை, கண்ணால். நாலு புது டயோடு, மோதிரம் கோட்டுக்கு நேராக. ஈயம் வைத்தேன், நீட்டிக்கொண்டிருந்த காலை நறுக்கினேன், ஃபியூஸை மாற்றினேன். அவசரத்தில் ஒரு டயோடை இரண்டு தடவை வைக்க வேண்டியிருந்தது. எல்லாம் முடிந்தபோது மூன்று மணி தாண்டிவிட்டது. பிளக்கில் சொருகிப் பார்க்கும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டேன், பிறகு அன்றைய பாடம் ஞாபகம் வந்து திறந்தேன். ஃபேன் ஒரு முனகலோடு சுற்றியது. சிவப்பு எண் எரிந்தது. ‘டக்’. இரண்டு பல்பும் ஒன்றாக எரிந்தன. நான் கூடத்தில் தனியாக ஓர் ஆட்டம் போட்டேன். அதை விவரிக்க மாட்டேன்.

பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறியபோது மூன்றே முக்கால். பாதி வழியில் வீட்டுக்காரர் ஃபோன்.

“சத்தம் வந்துதா? எது சத்தம் போடுதோ அதான் கெட்டது.”

“இத மொதல்லயே சொல்றதுக்கென்னாங்க?”

“சொல்றதுக்குள்ள பொண்ணு வூட்டுக்காரங்க வண்டியில ஏறிட்டாங்களே.”

அவருடைய மண்டையைத் தட்டிப் பார்த்தபோது வந்த முடிவை அப்போதே சொல்லியிருப்பேன், தொழிற்பேட்டை கேட் வந்துவிட்டது.

நான் உள்ளே ஓடியபோது மணி நாலு ஐந்து. டிரையர்காரர் புது லோடு வண்டியை வாசலிலேயே நிறுத்திவைத்துவிட்டு, ஃபோனில் யாரிடமோ, “தகடு மாட்டிகிச்சி சார், தட்டிகிட்டிருக்கேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். தகடு சாதுவாக இருந்தது. அண்ணி பலகையின் முன்னால் நின்றிருந்தார். முந்தானையால் ஒரு முட்டையை மூடிப் பிடித்திருந்தார். பாதி ஓடு கழன்று, ஈரமாக ஒரு தலை வெளியே தொங்கியது.

பக்கத்துப் பேக்கிங் மேஜை மேல் பெட்டியை வைத்துப் பிளக்கைச் சொருகினேன். பல்பு எரிந்தது. அண்ணி என்னைப் பார்க்கவில்லை, சிவப்பு எண்ணைத்தான் பார்த்தார். முப்பது, முப்பத்திரண்டு, முப்பத்தைந்து. முப்பத்தேழரைக்கு வந்து ‘டக்’ என்று பல்பு அணைந்தது. நல்லது, அருமை, கெட்டிக்காரி என்று ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.

“தட்டுல தண்ணி ஊத்து” என்றார்.

மூன்று பேருமாக இருபத்தொன்றையும் பெட்டிக்குள் மாற்றினோம். டிரையர்காரர் ஒவ்வொன்றையும் இமையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். பிறகுதான் சூட்டை ஏற்றப் போனார். பொழுது சாய்வதற்குள் பேக்கிங் மேஜை மேலேயே ஆறு வெளியே வந்துவிட்டன. வெந்நீர் பாட்டிலும் கம்பளியுமாகப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வழி முழுக்க உள்ளே ஒரே கூச்சல். இந்தத் தடவை ஆட்டோக்காரர் திரும்பிப் பார்க்கவே இல்லை, புள்ளைங்க இருப்பதை நம்பிவிட்டார்.

மறுநாள் காலை பதினேழு குஞ்சுகள். நாலு முட்டை அப்படியே கிடந்தது. அண்ணி அந்த நாலையும் எடுத்துக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். “நீ கேளு. ஒங்காது நல்ல காது” என்றார். நான் ரொம்ப நேரம் கேட்டேன். ஒன்றிலும் ஒன்றுமில்லை. இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் வாங்கித் தனியாக வைத்தார்.

குஞ்சுகள் உலர்ந்து பஞ்சாகியிருந்தன. பல்பு அணையும்போதெல்லாம் பதினேழும் ஒரே குரலில் கத்தின, எரிந்ததும் கப்சிப். அண்ணி ஒன்றைக் கையில் எடுத்து, கழுத்தைத் தடவினார். கழுத்தில் முடி இல்லை, ரோஜா நிறத்தில் தோல்.

“இது மொட்டக் கழுத்தாளோட புள்ள” என்றார்.

அந்தக் கோழிகளைப் பற்றி அவர் வாயைத் திறந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

“இது நொண்டியோடது. அவ முட்டதான் எப்பவும் ஒரு பக்கம் கூம்பா இருக்கும், அதுலேர்ந்துதான் வந்துது. தோ, இதுங்க ரெண்டும் அந்தத் திருடியோடது, நெத்தியில கோடு பாரு. அடுப்படிக்குள்ள வந்து அரிசி தின்னுட்டு ஒண்ணுந்தெரியாத மாரி போவா. இது செவலையோடது. கடைசியா போனவ அவதான். எம் மடியிலதான் போனா.”

ஒவ்வொன்றாக எடுத்தார், தாயைச் சொன்னார், இறக்கிவிட்டார். பதினாறு ஆயிற்று. கடைசியாகப் பெட்டி மூலையிலிருந்து ஒன்றை எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். கொட்டாங்கச்சிக் கரி மாதிரி கறுப்பு. மூக்கு கறுப்பு, கால் கறுப்பு. எங்கள் பதினோரு பெட்டையிலும் கறுப்பு கிடையாது. எங்கள் சேவலும் சிவப்பு, நல்ல செம்மறைச் சேவல்.

பக்கத்துத் தெருவில் ஒரு கறுப்புச் சேவல் உண்டு. இரண்டு வருஷமாக அது எங்கள் வேலி தாண்டி வருவதும், அண்ணி கல்லை எடுத்துக்கொண்டு தெருமுனைவரை துரத்துவதும் ஊரறிந்த விஷயம். ஒருநாளும் அதைக் கொல்லைக்குள் விட்டதில்லை என்று அவருக்கு ஒரு பெருமை.

அண்ணிக்கு முதலில் உதடு துடித்தது. பிறகு சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டார், நிற்கவில்லை. எனக்கும் தொற்றிக்கொண்டது. இரண்டு பேரும் சுவரில் சாய்ந்து சிரித்தோம். வீட்டுக்காரர் பல் துலக்கிக்கொண்டே வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் புரியாமல் போனார்.

“எவடி அவ?” என்றார் அண்ணி, குஞ்சின் முகத்துக்கு நேராக. “எந்தக் கள்ளிடி அவ?”

சிரித்துக்கொண்டிருந்த குரல் எந்த இடத்தில் மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. கறுப்புக் குஞ்சைக் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். கண்ணீர் அதன் முதுகில் சொட்டியது.

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாமலே போயிட்டாளே” என்றார்.